கூச்சமுள்ள பிள்ளைக்கு எந்த நாடக வகுப்பு?



பால் நிறுக்கும் இடத்தில் எடை குறைத்து எழுதப்பட்டதைக் கண்ணால் கண்டும், வாய் திறக்க அஞ்சி நின்றவர்கள் நம்மில் பலர். நியாயம் நம் பக்கம் இருந்தது. ஆனால் நா எழவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வரக்கூடாது என்றே, கூச்சமுள்ள பிள்ளையை நாடக வகுப்பில் சேர்க்க விரும்புகிறோம். விருப்பம் நல்லதே. எந்த வகுப்பு என்பதுதான் கேள்வி.

முன்னாளில் தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபை அவற்றுள் புகழ் பெற்றது. அக்கம்பெனிகள் பெரும் நடிகர்களைத் தந்தன. ஆயினும் பெற்றோரைப் பிரிந்து, வசனத்தை மனப்பாடம் செய்து, தவறினால் அடிபட்டு வளர்ந்த சிறுவர்கள் பலர். நாம் தேடுவது அதுவன்று. நமக்கு நடிகன் வேண்டாம். அஞ்சாமல் பேசும் பிள்ளை வேண்டும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகளிடையே பணியாற்றிய வயோலா ஸ்போலின் அம்மையார் வேறு வழி கண்டார். வசனத்துக்குப் பதில் விளையாட்டைக் கொடுத்தார். இல்லாத கயிற்றை இருப்பதாக எண்ணி இருவர் இழுப்பார்கள். கவனம் கயிற்றில் சென்றதும் பிள்ளை தன்னை மறக்கிறது, கூச்சமும் விலகுகிறது. இம்முறைகளை அவர் 1963-இல் நூலாக வெளியிட்டார்.

ஆகவே, பணம் கட்டுமுன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்போம். புதுப்பிள்ளையைச் சிறிது காலம் வேடிக்கை பார்க்க விடுகிறாரா ஆசிரியர்? அல்லது முதல் நாளே எல்லார் முன்னும் தனியே நிறுத்துகிறாரா? ஒருவன் தடுமாறும்போது மற்றவர் சிரித்தால் என்ன செய்கிறார்? பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் பேசலாமா? ஆண்டு விழாவையும் உடையலங்காரத்தையும் மட்டுமே பேசும் வகுப்பு நமக்கு ஏற்றதன்று.

வீட்டிலும் நமக்குக் கடமை உண்டு. விருந்தினர் முன், “இது வாயில்லாப் பூச்சி” என்று சொல்வதை நிறுத்துவோம். வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாவிட்டால், வகுப்பை நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டுவோம்.

மரம் வெட்டும் நமக்குத் தெரியாததா? கத்தி ஆழப் போனால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அளவறிந்து வெட்டினால்தான் ஆண்டுக்கணக்கில் பால் கிடைக்கும். பிள்ளையின் மனமும் அப்படியே. அவசரப்படுத்தாத ஆசிரியரைத் தேடுவோம். நாம் பேசத் தயங்கிய இடத்தில் நம் பிள்ளைகள் பேசட்டும்!