படங்கும் பாய்க்கப்பலும்

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைத் தோட்டங்களிற் படங்கு என்னும் சொல்லை அறியாதார் இலர். கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலையின்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணியே அது. காலைப் பனியில் நனைந்த தேயிலைச் செடிகளினூடே அவர்கள் நுழையும்போது, ஈரத்தையும் மிலாறின் கீறலையும் அது தாங்குகிறது.

படங்கு என்பது மேற்கட்டியையும் கூடாரத்தையும் குறித்த பழஞ்சொல். மலையில் உடலைக் காக்கும் இத்தகைய முரட்டுத் துணிதான் கடலில் மரக்கலத்தையும் காக்கிறது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நாட்டுக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கலங்களின் ஆயுள், மரத்தைப் பேணும் முறையிலேயே தங்கியுள்ளது.

மேற்றளத்து மரவேலைக்கு உப்புநீரினும் வெயிலும் மழையுமே பெரும் பகை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள், மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, மரம் நரைத்து வெடிக்கிறது. வார்னிஷ் பூசினாலும், பூச்சு வெடித்த இடத்தில் நீர் புகுந்து உள்ளே தங்கிவிடும். ஆதலால் கலம் துறையில் நிற்கும் காலத்திற் கைப்பிடிக் கட்டைகளுக்கும் கதவு நிலைகளுக்கும் கித்தான் உறை தைத்து மாட்டுகின்றனர்.

இத்தையலுக்குச் சில விதிகள் உள. முதலிற் பழந்துணியில் அச்சு வெட்டி, மரத்தின்மேற் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பருத்திக் கித்தான் நனைந்தாற் சுருங்கும். ஆகவே அதனை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் நன்று. இணைப்பில் மேல்துணி கீழ்த்துணியின்மீது, ஓடு வேய்ந்தாற்போற் கவிந்திருக்க வேண்டும்; அப்பொழுதுதான் நீர் உள்ளே புகாது வழிந்தோடும். தையல் இரட்டையாக அமைதல் வேண்டும். துணி நன்றாயிருக்கும்போதே மெல்லிய நூல் வெயிலில் நைந்துவிடும்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று: உறை முற்றாக மூடலாகாது. அடிப்புறம் திறந்திருந்து காற்று உலவ வேண்டும். அன்றேல் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காக்க வந்த துணியே மரத்தைக் கெடுத்துவிடும்.

இவ்விதி மனித உடலுக்கும் பொருந்தும். இந்நாளிலே தோட்டங்களிற் பழைய சாக்குத் துணியோடு பொலித்தீன் விரிப்பும் புகுந்துள்ளது. அது மழையை மறிக்கும். ஆயின் வியர்வையையும் உள்ளேயே சிறைப்படுத்தும். நனைந்த சாக்கோ நாள் முழுவதும் இடுப்பிற் பாரமாய்த் தொங்கும். மெழுகிட்ட கித்தானை உடலுக்கு அளவெடுத்து, நடைக்கு இடம்விட்டு, காற்றுப் புகுமாறு தைத்தால் இவ்விரு குறையும் பெரிதும் நீங்கும்.

மரக்கட்டைக்கு அளவெடுத்து உறை தைப்பது வீண் வேலையென்று கடலோடிகள் எண்ணுவதில்லை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அத்துணைக் கவனத்தோடு ஒரு படங்கு தைப்பது எவ்வாறு வீணாகும்? பாடசாலைகளில் தையல் பயிலும் மலையகத்துப் பிள்ளைகள், தம் முதற் கைவேலையாக அதனையே தைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.