கம்பளி உரோமத்தின் உறுதி

(வடமதுரையில் ஊராட்சி உறுப்பினர்கள், ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



மேச்சேரி, வேம்பூர், சென்னைச் சிவப்பு ஆகிய ஆடுகள் இறைச்சிக்கு உரியவை, கம்பளி தாரா. கோவைக் குறும்பை, திருச்சிக் கருப்பு, நீலகிரி ஆகியனவே உரோமம் தருவன. குறும்பை வைத்திருப்போருக்கே இன்று என் பேச்சு.

நூற்கையில் அறுந்துபோகும் உரோமத்தை எவரும் நல்ல விலைக்கு வாங்கார். அது ஏன் அறுகிறது? உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலுள்ள கந்தகப் பிணைப்புகளே அதற்கு வலிமை. அப்புரதத்திற்கு வேண்டியது தீனியிலிருந்தே வரவேண்டும். மாசிக்குப் பின் நம் மேய்ச்சற்காடுகள் காய்ந்து கிடக்கையில் வளரும் பகுதி மெலிந்துவிடுகிறது. மழைக்குப்பின் வளர்வது மீண்டும் பருக்கிறது. அந்த மெலிந்த இடத்தில்தான் இழை அறும். கடுங்காய்ச்சல் கண்டாலும், குட்டி ஈன்று பால் கொடுக்கும் காலத்திலும் இவ்வாறே நேரக்கூடும். ஆட்டைப் பேணியவிதத்திற்கு அதன் உரோமமே கணக்கேடு என்பேன்.

பென்சில் பருமனுள்ள கற்றையொன்றை இரு முனையிலும் இறுகப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டிப் பாருங்கள். அறுந்தால், எவ்விடத்தில் என்று கவனியுங்கள். நுனிப்பக்கமாயின் கெடுதி முன்பே நேர்ந்தது, அடிப்பக்கமாயின் அண்மையில்.

கோடையில் சினையாடுகளுக்கேனும் கடலைக்கொடியும் சிறிது எள்ளுப் பிண்ணாக்கும் கொடுங்கள். மந்தை முழுவதற்கும் இயலாதவர், மழை தொடங்குமுன் உரோமம் கத்தரிக்கலாம். மெலிந்த பகுதி இழையின் நடுவில் அமையாது, அடியில் நின்றுவிடும். நடுவில் அறும் இழையே பெருநஷ்டம், நீளம் பாதியாகிவிடுகிறதல்லவா? சலவைச் சோடா இட்டுக் கொதிநீரில் அலசுவதும் வேண்டாம். காரம் அக்கந்தகப் பிணைப்புகளையே அறுத்துவிடும்.