கல்வியும் பட்டறிவும்



கற்றுப் பெறுவது கல்வியறிவு. பட்டுப் பெறுவது பட்டறிவு. 'படு' என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல், வாழ்ந்து தேர்ந்த அறிவைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தூண்டும்போதே மனிதன் முழுமை நோக்கி வளர்கிறான்.

தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். 1913இல் பிறந்த இவ்வீழத்தவர் ஆங்கில வழியிற் கற்று, உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி ஏற்றபோது தம் தமிழறிவு போதாமையை உணர்ந்தார். அப்பட்டறிவே அவரை மீண்டும் மாணவராக்கியது. புலவரிடம் பாடம் கேட்டார். முப்பதை ஒட்டிய வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதில் அவர் பங்கு தலையாயது.

இளமையில் தமிழ் கற்க வாய்ப்பற்றோர் பலர் இந்நாட்டில் நடுவயதில் நம் வகுப்புகளை நாடி வருகின்றனர். அவர்தம் ழகரப் பிழை கேட்டு நாம் நகைத்தால், மறுவாரம் அவர் வரமாட்டார். ஒரு மொழி தன் மக்களை இவ்வாறும் இழக்கும். பிழையைப் பிறகு திருத்தலாம்; முதலில் இருக்கை தாருங்கள்.