மணிபல்லவத்தில் இருவர்: தனிமையும் தனித்திருத்தலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வட்டத்தில் இதுவரை படிக்கப்பட்ட கவிதைகளில் மிகுதியாக இடம்பெற்ற பாடுபொருள் எது என்று எண்ணிப் பார்த்தேன். காதல் அன்று; தனிமையே என்று தோன்றுகிறது. காதற் கவிதையாகத் தொடங்கியவையும் மூன்றாம் அடியில் தனிமைக்கே வந்து சேர்ந்தன. இதில் வியப்பில்லை. முல்லைக்கு இருத்தலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாகக் கொண்ட மரபு நம்முடையது. வள்ளுவப் பேராசான் 120ஆம் அதிகாரத்திற்குத் 'தனிப்படர் மிகுதி' என்றே பெயரிட்டார். அகமரபில் தனிமை என்பது ஒருவர் உடன் இல்லாமை. வரவேண்டியவர் வந்துவிட்டால் அத்துயர் தீரும். வரவேண்டியவர் இனி வரவே மாட்டார் எனில் என் செய்வது?

இவ்வினா எனக்கு ஏட்டு வினா அன்று. சென்ற ஆண்டு என் தாயார் மறைந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். இரவு எட்டு மணிக்கு அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் மறைந்த பின்னும் எட்டு மணி ஆனதும் என் கை தானாகவே அலமாரிக்குச் சென்றது. மாலையில் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்காக அன்று, ஓசைக்காக. கல்லூரியில் பாடம் நடத்தும்போதும், நண்பர்கள் சூழ இருக்கும்போதும் அந்த வெறுமை என்னுடன் வந்தது. அந்நாளில்தான், பல ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்த மணிமேகலையை மீண்டும் எடுத்தேன். தேர்வுக்காக அல்லாமல் எனக்காக அதைப் படித்தது அதுவே முதன்முறை.

30 காதைகள் கொண்ட அக்காப்பியத்தில் மணிபல்லவம் என்னும் தீவு வருகிறது. அத்தீவில் இருவர் வெவ்வேறு காலத்தில் தன்னந்தனியே நிற்கின்றனர்.

ஒருத்தி மணிமேகலை. புகார் நகரத்து உவவனத்தில் துயின்றவளை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று அத்தீவில் வைத்துவிடுகிறது. கண்விழிப்பவளுக்கு அறிந்த முகம் ஒன்றும் இல்லை. தோழி சுதமதியைத் தேடுகிறாள், அழைக்கிறாள், மறுமொழி இல்லை. கொலையுண்ட தந்தையை நினைந்து அழுகிறாள். தாய் உயிரோடிருக்க, தோழி உயிரோடிருக்க, இறந்துபோன தந்தையை அவள் நெஞ்சம் அழைத்தது ஏன் என்று முன்பு நான் எண்ணியதே இல்லை. தனிமை முற்றும்போது மனம் திரும்ப வராதவரையே தேடும் போலும்.

மற்றவன் ஆபுத்திரன். தாயால் கைவிடப்பட்டுப் பசுவின் பாலால் பிழைத்தவன். வேள்விப் பசுவைக் காக்க முனைந்து ஊராரால் துரத்தப்பட்டவன். மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, பிச்சை எடுத்து, கண்ணிழந்தவர்க்கும் காலிழந்தவர்க்கும் ஆதரவற்றவர்க்கும் கொடுத்து, எஞ்சியதை உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கியவன். அவன் கருணைக்குப் பரிசாகத் தேவி அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தந்தாள்.

இதன் பின் நிகழ்வதே கருதற்குரியது. 12 ஆண்டுகள் வறண்டிருந்த பாண்டி நாட்டில் இந்திரன் மழை பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் எவரும் வரவில்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று, உண்பார் உளரோ என்று கேட்டு அலைகிறான். மக்கள் அவனை எள்ளுகின்றனர். கொடையை விரும்பியவனுக்கு ஊரின் வளமே தண்டனையாயிற்று. சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் இறங்கியதை அறியாமல், ஏறிவிட்டான் என்றெண்ணிப் புறப்பட்டும் விடுகிறது. உலகையே ஊட்டவல்ல பாத்திரம் கையில் இருக்க, ஊட்டுவதற்கு ஓர் உயிரும் இல்லாத தீவில் அவன் நிற்கிறான். தன்னை மட்டும் காத்துக்கொள்ள அப்பாத்திரம் எதற்கு எனக் கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

இப்பகுதியைப் படித்த இரவில்தான் என் கை அலமாரிக்குச் சென்றதன் பொருள் எனக்கு விளங்கியது. எனக்குக் கொடுப்பார் இல்லை என்பது என் துயரம் அன்று. நான் கொடுப்பதற்கு ஆளில்லை என்பதே என் துயரம். நம் கவிதைகள் பெறாதவரின் தனிமையைப் பாடியுள்ளன. கொடுக்க இயலாதவரின் தனிமையை அரிதாகவே பாடியுள்ளன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும், பிள்ளைகள் தொலைநாட்டில் வாழும் தாயும், கேட்பாரற்ற கவிஞரும் ஆபுத்திரனின் தீவிலேயே வாழ்கின்றனர்.

இனிப் பாலி நூல்களுக்கு வருவோம். சம்யுத்த நிகாயத்தில் தேரர் என்ற பெயருடைய துறவி ஒருவர் வருகிறார். அவர் தனியே பிச்சைக்குச் செல்வார், தனியே திரும்புவார், தனியே அமர்வார், தனித்திருத்தலைப் புகழ்ந்தும் பேசுவார். புத்தர் அவரை அழைத்து, அதுவும் ஒருவகைத் தனித்திருத்தலே என ஒப்புக்கொண்டு, அதனினும் நிறைவானது ஒன்று உண்டு என்கிறார். கழிந்ததை விட்டு, வராததை நாடாது, இன்றைய இருப்பின் மீதுள்ள பற்றையும் நீக்கி வாழ்வதே அது. மிகஜாலர் என்ற துறவியிடம் இக்கருத்து இன்னும் தெளிவாகிறது. வேட்கையே மனிதனின் இரண்டாவது ஆள். அதனோடு அடர்காட்டில் இருப்பவனும் துணையோடு இருப்பவனே. அது நீங்கியவன் அரசரும் அமைச்சரும் குழுமிய கூட்டத்திலும் தனித்திருப்பவனே.

ஆகவே தனிமை வேறு, தனித்திருத்தல் வேறு. முன்னது இல்லாத ஒருவரோடு ஓயாது வாழ்வது; பின்னது இருப்பதோடு அமைதியாய் இருப்பது. என் வீட்டில் நான் ஒருத்தி இருந்ததாக எண்ணினேன். உண்மையில் 'இருந்திருக்கலாமே' என்னும் ஏக்கமும் என்னோடு குடியிருந்தது.

அப்படியாயின் ஆபுத்திரனின் கொடை வேட்கையும் அத்தகைய இரண்டாவது ஆள்தானா? அப்பெருந்தகையைக் குறைகூற என் நா எழவில்லை. எனினும் காப்பியம் வைக்கும் வரிசையை நோக்குங்கள். மணிமேகலைக்கு முதலில் கிடைப்பது பாத்திரம் அன்று. புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்கிறாள். உதயகுமரன்பால் தன் நெஞ்சம் சென்றதன் காரணம் அறிகிறாள். அறிவு முதலில், பாத்திரம் பின்பு. கொடுத்தே தன்னை அறிந்தவன் ஆபுத்திரன். தன்னை அறிந்தபின் கொடுக்கப் புறப்பட்டவள் மணிமேகலை. அவளுக்கு வான்வழி செல்லும் மந்திரம் இருந்தது, அவனுக்குக் கப்பலும் இல்லாமற் போயிற்று என்ற வேறுபாட்டையும் மறைத்தல் நேர்மையன்று. தனிமையில் தவிக்கும் எல்லார்க்கும் மீளும் வழி ஒன்றுபோல் அமைவதில்லை.

மணிமேகலை தீவிலேயே தங்கிவிடவில்லை என்பதும் நினையத்தக்கது. அவள் புகாருக்கு மீள்கிறாள், ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்கிறாள், பசித்தோர்க்கு ஊட்டுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பௌத்தம் தனித்திருத்தலைப் போற்றினாலும் ஒருவரைத் தனியே விட்டுவிடுவதைப் பொறுப்பதில்லை. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைப் பிற துறவியர் கவனியாது விட்டனர். அவர் எவர்க்கும் உதவாதவர் என்பது அவர்கள் கூறிய காரணம். புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் அவரைக் குளிப்பாட்டிப் படுக்கையில் கிடத்தினார். தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று சங்கத்தாரைக் கேட்டார். இது விநய பிடகம் கூறும் செய்தி.

அதே பிடகத்தில் மகாகப்பினர் என்ற பெருந்துறவியின் கதையும் உண்டு. மனத்தூய்மை பெற்ற நான் உபோசதக் கூட்டத்திற்குப் போகத்தான் வேண்டுமா என்று அவர் தனியே அமர்ந்து எண்ணுகிறார். புத்தர் அவர்முன் தோன்றி, உம் போன்றோரே மதிக்காவிட்டால் அக்கூட்டத்தை வேறு யார் மதிப்பார், சென்று வருக என்கிறார். பெரும்புகழ் பெற்றபின் மாதக் கூட்டத்திற்கு வர நேரமில்லாத நம் மூத்த கவிஞர்கள் இக்கதையை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். (சிரிப்பொலி) இதைக் கடிந்து கூறவில்லை. துயருற்ற ஓராண்டில் நானும் இங்கு வரவில்லை. வராதிருந்த நாள்களில் நான் தனித்திருக்கவில்லை, தனிமையில் இருந்தேன்.

துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் எட்டு மணிக்கு அலமாரி முன் நிற்கிறேன். தொலைக்காட்சியை மட்டும் போடுவதில்லை. அந்த வெறுமையைச் சற்று நேரம் பார்த்தபடி நிற்கிறேன். பிறகு அடுத்த வீட்டுப் பாட்டிக்குக் கண்மருந்து இடப் போகிறேன். இந்த வரிசையை எனக்குக் கற்பித்தது மணிபல்லவம்.

நிறைவாகக் கவிஞர்களுக்கு ஒரு சொல். ஆபுத்திரன் தோற்றுப்போனவன் அல்லன். இறக்கும்முன் பாத்திரத்தை உடைக்காமல், யார் கைக்கேனும் சேரட்டும் என்று பொய்கையில் இட்டான். அவன் இட்டதால்தான் வைகாசி முழுநிலா நாளில் அது மணிமேகலை கையில் ஏறியது. அப்பிறப்பில் அவளை அவன் கண்டதில்லை. உங்கள் கவிதைகளும் அப்படி இடப்பட்ட பாத்திரங்களே. எடுப்பவர் எவர் என நீங்கள் அறியமாட்டீர்கள். சென்ற ஆண்டு எடுத்தவர்களுள் நானும் ஒருத்தி.