யுத்தம் தலைவிதியா?
(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



தேசங்களுக்குள் உள்ள உறவின் சரித்திரத்தைச் சர்வகலாசாலையில் படிப்பது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். சர்வகலாசாலையின் வாசற்படியைப் படிப்பதற்காக மிதித்தறியாத என்னை இதைப் பற்றிப் பேசச் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும் சமைக்கத் தெரியாதவனுக்கும் சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்லுவதற்கு யோக்கியதை உண்டல்லவா? அந்த யோக்கியதையைக் கொண்டே பேசுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இவ்வூர்த் தோழர் ஒருவரின் மகன், பட்டப் பரீட்சை தேறியவன், மேற்கொண்டு இந்தப் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறான். தகப்பனாரோ, "இவன் படித்துவிட்டால் யுத்தம் நின்றுவிடப் போகிறதா? சண்டையும் சமாதானமும் தலைவிதிப்படி நடக்கிறவை. இதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. கேட்டவரைப் பரிகாசம் செய்யாமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் தலைவிதி என்பதை எடுத்துக் கொள்ளுவோம். 1914-ல் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. 1918 வரை நடந்தது. சற்றேறக்குறைய ஒரு கோடிப் போர்வீரர்கள் மாண்டார்கள். ஜெர்மானியச் சிப்பாயின் இடுப்பு வார்க் கொக்கியில் "கடவுள் நம்முடன்" என்று பொறித்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் பாதிரிகளும் அதே கடவுளிடத்தில்தான் தங்கள் பக்கம் ஜெயிக்க வேண்டுமென்று மன்றாடினார்கள். இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல்! அந்த வக்கீல் ஒரு கட்சிக்காரனையும் காப்பாற்றவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் யோசனையுள்ள சிலர், "காலராவுக்கு மாரியாத்தாள் காரணமல்ல, தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தது போல, யுத்தத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் இந்தப் படிப்பு. இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்று ஒரு சிறிய நாடு. அங்கே அபரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊரில் ஒரு கல்லூரி. 1872-ல், வியாபாரம் நடக்காமல் நின்று போன ஒரு ஓட்டல் கட்டடத்தில் ஆரம்பித்தது. ஏழை எளியவர்கள் காசு காசாகக் கொடுத்து வளர்த்தது. 1919-ல் டேவிட் டேவிஸ் என்பவரும் அவருடைய இரண்டு சகோதரிமாரும் அக்கல்லூரிக்கு 20,000 பவுன் கொடுத்து, யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் ஞாபகமாகச் சர்வதேச அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். உலகத்திலேயே இத்துறைக்கு ஏற்பட்ட முதல் பதவி அதுதான். ஆல்பிரட் சிம்மர்ன் என்பவர் முதல் பேராசிரியரானார். டேவிஸ் தாமே அந்த யுத்தத்தில் ஒரு பட்டாளத்துக்குத் தலைமை வகித்துப் போர்க்களத்தைப் பார்த்தவர். அவருடைய பாட்டனார் மரம் அறுக்கும் தொழிலாளியாயிருந்து, பிறகு ரயில் பாதையிலும் நிலக்கரியிலும் பணம் சேர்த்தவர். நம் நாட்டுப் பணக்காரர் பிள்ளை செத்தால் அவன் பேரால் கோயிலுக்கு வெள்ளி வாகனம் செய்து வைப்பார். அவர்களோ, பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று விசாரிப்பதற்குப் பணம் வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் படிக்கிறார்கள்? ராஜாக்களின் பட்டியலையும் சண்டைத் தேதிகளையும் நெட்டுருப் போடுவதல்ல. யார் யாரோடு என்ன உடன்படிக்கை செய்தார், வெளியில் சொன்னது என்ன, உள்ளுக்குள் எழுதிக் கொண்டது என்ன என்று இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் வைத்துப் பார்ப்பதுதான் அதன் உயிர். ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 1916-ல் இங்கிலாந்தும் பிரான்சும், துருக்கியரின் ஆட்சியிலிருந்த அரபு நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்ள இரகசியமாய் ஏற்பாடு செய்து கொண்டன. அரபுகளிடத்திலோ சுதந்திர ஆசை காட்டப்பட்டது. 1917 நவம்பரில் ருஷியாவில் அதிகாரத்துக்கு வந்த போல்ஷிவிக்குகள், ஜார் அரசாங்கத்தின் பெட்டியில் அகப்பட்ட இரகசியக் காகிதங்களையெல்லாம் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். பங்காளிகளின் வேஷம் ஒரே நாளில் கலைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அரசாங்கமும் காகிதங்களை வெளியிட வேண்டியதாயிற்று. ஜெர்மனி 1922 முதல் 1927-க்குள் 40 தொகுதிகள் போட்டது. இங்கிலாந்து 1926 முதல் 1938-க்குள் 11 தொகுதிகள் போட்டது. தங்களுக்குச் சாதகமானதைத் தானே போடுவார்கள் என்று கேட்பீர்கள். ஆம், அதனால்தான் ஒருவன் போட்டதை மற்றவன் போட்டதோடு ஒத்துப் பார்க்கும் வித்தை வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1958-ம் வருஷத்துச் சட்டம், சர்க்கார் காகிதங்களை 50 வருஷம் கழித்துக் காட்டலாம் என்றது. 1967-ல் அது 30 வருஷமாயிற்று. 2013 முதல் படிப்படியாக 20 வருஷமாகக் குறைத்தார்கள். சூத்திரன் வேதத்தைக் கேட்கக்கூடாது என்று வைத்தவனுக்கும், குடிகள் உடன்படிக்கையைப் பார்க்கக்கூடாது என்று வைத்தவனுக்கும் உள்ளெண்ணம் ஒன்றுதான். படித்துவிட்டால் கேள்வி கேட்பான் என்கிற பயமே அது.

நிற்க, இந்தப் படிப்பில் உள்ள ஊழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சொன்ன அபரிஸ்ட்வித் பதவிக்கு அமெரிக்கத் தலைவர் உட்ரோ வில்சன் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த வில்சன் 1919 ஏப்ரல் 11-ந் தேதி பாரிஸில் என்ன செய்தார்? சர்வதேச சங்கத்தின் விதிகளில், தேசங்கள் யாவும் சமம், அவற்றின் குடிகளை நியாயமாக நடத்த வேண்டும் என்று ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. நிறவேற்றுமை ஒழிய வேண்டும் என்பதே அதன் கருத்து. 17 ஓட்டில் 11 ஓட்டு அதற்கு ஆதரவாக விழுந்தது. தலைமை வகித்த வில்சன், "இதற்கு ஏகமனதான சம்மதம் வேண்டும்" என்று சொல்லித் தள்ளிவிட்டார். உலக சமாதானத்துக்குச் சங்கம் வைக்கிறார்கள், மனிதனுக்கு மனிதன் சமம் என்று எழுதக் கை வரவில்லை! பந்தியில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, ஆனால் உட்காரும் இடம் வேறு என்று சொல்லும் நம்மூர் வைதீகருக்கும் இவருக்கும் என்ன பேதம்?

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் இத்துறைக்கென்று 1910-ல் ஆரம்பித்த பத்திரிகையின் பெயர் "இன வளர்ச்சிப் பத்திரிகை" என்பது. எந்த இனம் ஆளப் பிறந்தது, எந்த இனம் ஆளப்படப் பிறந்தது என்ற பேச்சு அதில் தாராளமாக நடந்தது. 1919-ல் அதன் பெயரைச் "சர்வதேச உறவுப் பத்திரிகை" என்று மாற்றிக் கொண்டார்கள். ஆகவே இந்தப் படிப்புக்கும் பிறவியிலேயே ஒரு வருணாசிரமம் இருந்தது என்பதை நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஆனால் அதைக் கண்டு ஒதுங்காமல் உள்ளே புகுந்தவர்களும் உண்டு. மெர்ஸி டேட் என்ற நீக்ரோ வகுப்புப் பெண்மணி 1905-ல் மிச்சிகனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1927-ல் பட்டம் பெற்றும், நிறத்தின் காரணமாக அந்த மாகாணத்து உயர்தரப் பள்ளிகளில் அவருக்கு உபாத்தியாயர் வேலை கிடைக்கவில்லை. வேறு மாகாணத்துக்குப் போய்க் கற்பித்தார். 1932-ல் ஆக்ஸ்போர்டு சேர்ந்து, 1935-ல் சர்வதேச உறவில் பட்டம் பெற்றார். 1941-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆயுதக் குறைப்பு மகாநாடுகளின் பொய்யையும் மெய்யையும் விசாரித்து அவர் எழுதிய புத்தகம் 1942-ல் வெளிவந்தது. வேலை கொடுக்க மறுத்தவர்கள் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

"இவ்வளவு படித்தும் 1939-ல் இரண்டாவது மகாயுத்தம் வந்ததே!" என்று தகப்பனார் கேட்கலாம். வந்தது உண்மை. அதே அபரிஸ்ட்வித்தில் 1936 முதல் பேராசிரியராயிருந்த ஈ. எச். கார் என்பவர், "நல்ல ஆசையை மாத்திரம் வைத்துக் கொண்டு உலகத்தை அளக்கக் கூடாது. யாருக்குப் பலம் இருக்கிறது, யாருக்கு லாபம் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும்" என்ற கருத்தில் 1939-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் அவரே அதில், ஹிட்லருக்கு விட்டுக் கொடுத்த மியூனிச் ஏற்பாட்டைப் புகழ்ந்தார். 1946-ல் மறுபதிப்புப் போட்டபோது அந்தப் பாகங்களை மாற்றினார். மகா புத்திசாலியும் தப்புச் செய்தார் என்பதுதான் இதில் பாடம். ஆகவே பேராசிரியரையும் புராணிகராக்கி வணங்க வேண்டியதில்லை. வைத்தியம் படித்த பிறகும் ஜனங்கள் சாகிறார்கள். அதற்காக வைத்தியசாலையை மூடிவிட்டு வேப்பிலை அடிக்கப் போவோமா?

தோழர்களே! கடல் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் எழுதி வைத்திருந்த நாடு இது. அயல்நாட்டானைத் தெரிந்து கொள்ளுவதே பாவமென்று சொல்லப்பட்டவன், அவனோடு செய்யும் உடன்படிக்கையை எப்படிப் படிப்பான்? அந்தச் சாஸ்திரத்தைத் தள்ளிவிட்டுத்தான் பெரியார் 1931 டிசம்பரில் புறப்பட்டு, ஐரோப்பாவையும் ருஷியாவையும் நேரில் பார்த்து, 1932 நவம்பரில் திரும்பினார். நமது நாட்டிலும் 1955-ல் டில்லியில் இந்தப் படிப்புக்கென்று ஒரு கல்விக்கூடம் ஏற்பட்டு, 1970-ல் ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையோடு சேர்ந்தது. கதவு இருக்கிறது. அதற்குள் யார் பிள்ளை போகிறான் என்பதுதான் கேள்வி. நம் பிள்ளை போகாவிட்டால், நம்முடைய பேரால் அயல்நாட்டானோடு பேசுகிறவன் எப்பொழுதும் வேறொருவனாகவே இருப்பான். சண்டை வந்தால் சாகப் போகிறவன் மாத்திரம் நம் பிள்ளையாயிருப்பான்.

ஆகவே தகப்பனாருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். உங்கள் மகன் படிப்பதால் யுத்தம் நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் நானும் ஒரு ஜோசியனாவேன். ஆனால் அடுத்த தடவை எவனாவது வந்து, "இது தர்மயுத்தம், இது தலைவிதி, உன் பிள்ளையை அனுப்பு" என்று சொன்னால், "எந்த உடன்படிக்கைப்படி? யாருடைய லாபத்துக்கு? காகிதத்தைக் காட்டு" என்று கேட்க இவ்வூரில் ஒரு ஆள் இருப்பான். அந்த ஒரு ஆளுக்காகவாவது அவனைப் படிக்க அனுப்புங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.