மருந்து முதலாளிகளும் அவர்களுடைய தூதர்களும்

(புதுச்சேரியில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சிலர் ஆச்சரியப்படலாம். சாமியைப் பற்றியும், சாதியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும் பேசுகிறவர்களுக்கு மருந்துக் கம்பெனிக்காரர்களிடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கே ஒருவன் மற்றொருவனைப் பார்த்து, "உனக்கு ஒன்றும் தெரியாது, கேள்வி கேட்காதே, நம்பு, காசைக் கொடு" என்கின்றானோ அங்கே எல்லாம் நமக்கு வேலை இருக்கின்றது. அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, கழுத்துப் பட்டை கட்டியிருந்தாலும் சரி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். நாம் மருந்துக்கு விரோதிகள் அல்ல. அம்மை வந்தால் மாரியாத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றிய நாடு இது. அந்த மாரியாத்தாளை ஊரை விட்டு விரட்டியது கூழும் அல்ல, தீமிதியும் அல்ல. அம்மை குத்தும் ஊசிதான். பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தப் புதுச்சேரியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர் ஆஸ்பத்திரி. அங்கே தினமும் வரிசையில் நிற்கிற ஜனங்கள் திருநீற்றுக்காக நிற்கவில்லை, மருந்துக்காகத்தான் நிற்கின்றார்கள்.

ஆனால் மருந்து வேறு, மருந்து விற்கிறவன் வேறு, அவனுக்காகப் பேச வருகிற தூதன் வேறு. சாமி, கோவில், புரோகிதன் என்று மூன்று இருப்பதுபோல் இங்கேயும் மூன்று இருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்தான். சாமி என்பது இல்லை. மருந்து என்பது இருக்கின்றது, வேலையும் செய்கின்றது. ஆகையால் இல்லாத சாமியின் பேரால் நடக்கிற தரகைவிட, இருக்கின்ற மருந்தின் பேரால் நடக்கிற தரகு அதிகக் கெட்டியானது. அதைக் கேள்வி கேட்க அதிகத் தைரியமும் அறிவும் வேண்டும்.

இந்தத் தூதர்கள் யார்? இந்நாட்டு மருந்து உற்பத்தியாளர்களுக்கு 1961-இல் ஏற்பட்ட ஒரு சங்கம் இருக்கின்றது. பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் பேசுகிற ஓ.பி.பி.ஐ. என்ற சங்கம் 1965-இல் ஏற்பட்டது. அமெரிக்காவில் ஃபார்மா என்றும், உயிரித் தொழில்காரர்களுக்கு பயோ என்றும் பெரிய சங்கங்கள் இருக்கின்றன. சங்கம் வைத்துக் கொள்ளுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. தொழிலாளி சங்கம் வைத்தால் முதலாளியும் வைக்கத்தான் செய்வான். ஆனால் அந்தச் சங்கங்களின் தலைவர்கள் எங்கிருந்து வருகின்றார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் பில்லி டாசின் என்று ஒருவர் சட்டசபை மெம்பராயிருந்தார். 2003-இல் வயோதிகர்களுக்கு மருந்துச் செலவு கொடுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சட்டத்தில், சர்க்கார் மருந்துக் கம்பெனிகளிடம் விலை பேரம் பேசக்கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். கத்தரிக்காய் வாங்கும் கிழவிகூடப் பேரம் பேசுகிறாள். கோடிக்கணக்கில் வாங்கும் சர்க்கார் பேசக்கூடாதாம்! 2005-இல் அதே டாசின் அந்த மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய் உட்கார்ந்தார். அந்த விதியைக் கொஞ்சமாவது தளர்த்த 2022 வரை ஆயிற்று. நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தேர்தல் பத்திரம் என்ற முறையைச் சுப்ரீம் கோர்ட்டு 2024 பிப்ரவரியில் செல்லாது என்று சொன்ன பிறகு, கட்சிகளுக்குப் பத்திரம் வாங்கிக் கொடுத்தவர்களின் பட்டியல் வெளியாயிற்று. அதில் மருந்துக் கம்பெனிகளும் பல இருந்தன. கோவில் உண்டியலில் போடுகிறவனாவது சாமி கொடுக்கும் என்று நம்பிப் போடுகின்றான். கட்சி உண்டியலில் போடுகிறவன் எதை நம்பிப் போட்டான் என்று நாம் கேட்கக்கூடாதா?

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். புதுச்சேரிக்கு உயர் நீதிமன்றம் சென்னையில்தான். பேடண்ட் என்னும் காப்புரிமை ஆபீசும் நமக்குச் சென்னைதான். அந்தச் சென்னையில் நடந்த ஒரு வழக்கைப் பற்றித்தான் உலகம் முழுவதும் பேசினார்கள்.

நோவார்ட்டிஸ் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கிளிவெக் என்ற மருந்தை விற்றது. நல்ல மருந்துதான், சந்தேகமில்லை. அதற்கு ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் விலை. அதே மருந்தை இந்நாட்டுக் கம்பெனிகள் சுமார் 8,000 ரூபாய்க்குக் கொடுத்தன. பழைய மருந்தையே வேறொரு படிக வடிவத்தில் செய்துவிட்டு, இது புதிது, எங்களுக்கே சொந்தம் என்று நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னையில் மனுப் போட்டது. 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் அதைத் தள்ளியது. உடனே கம்பெனி என்ன செய்தது? இந்நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தப் பிரிவு சொல்வதெல்லாம், தெரிந்த பொருளையே உருமாற்றிக் கொண்டு வந்தால், நோயைத் தீர்க்கும் சக்தி அதிகமாயிருக்கிறது என்று காட்டினாலொழியக் காப்புரிமை இல்லை என்பதுதான். 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கம்பெனியின் கேஸைத் தள்ளிற்று. கடைசியாக 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தள்ளிற்று.

அன்றைக்குக் கம்பெனியின் இந்தியத் தலைவராயிருந்த ரஞ்சித் சஹானி, இத்தீர்ப்பு நோயாளிகளுக்குப் பின்னடைவு என்று சொன்னார். தோழர்களே! 8,000 ரூபாய் மருந்து கிடைப்பது நோயாளிக்குப் பின்னடைவாம்! கோவிலுக்குள் எல்லோரும் வந்தால் சாமிக்குத் தீட்டு என்று சொன்ன வாய்க்கும் இந்த வாய்க்கும் என்ன வித்தியாசம்? புதிய திரி, புதிய விளக்கு என்று சொல்லிப் பழைய விக்கிரகத்துக்கே மறுபடியும் கும்பாபிஷேக வசூல் பண்ணுகிற தந்திரந்தானே இது?

இதைவிடப் பச்சையாகப் பேசியவரும் உண்டு. பேயர் என்ற ஜெர்மன் கம்பெனியின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு அப்போது மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விலை இருந்தது. 2012 மார்ச் 9-ஆம் தேதி இந்தியக் காப்புரிமை அதிகாரி, ஐதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க வேண்டும், பேயருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இதைப் பற்றி 2013 டிசம்பரில் பேயரின் தலைவர் மரைன் டெக்கர்ஸ், இந்த மருந்தை நாங்கள் இந்தியர்களுக்காகச் செய்யவில்லை, விலை கொடுக்கக்கூடிய மேல்நாட்டு நோயாளிகளுக்காகவே செய்தோம் என்ற கருத்துப்படப் பேசினார். பேச்சு வெளியே வந்ததும், அவசரத்தில் சொன்னது என்று சமாதானம் சொன்னார்.

இந்தப் பேச்சை நாம் புதிதாகவா கேட்கின்றோம்? இந்தத் தெரு உனக்காகப் போட்டதல்ல, இந்தக் குளம் உனக்காக வெட்டியதல்ல, இந்தச் சுலோகம் உன் காதுக்காகச் சொன்னதல்ல என்று ஆயிரம் வருஷமாகக் கேட்டவர்கள் அல்லவா நாம்? 1924-இல் வைக்கத்தில் எந்தச் சண்டை நடந்ததோ அதே சண்டைதான் இதுவும். அங்கே தெருவில் நடக்கும் உரிமை. இங்கே உயிரோடு நடமாடும் உரிமை.

"ஆராய்ச்சிக்குப் பணம் செலவாகவில்லையா? லாபம் இல்லாவிட்டால் எவன் புதுமருந்து கண்டுபிடிப்பான்?" என்று தூதர்கள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நியாயமான பதில், "கணக்கைக் காட்டு" என்பதே. இன்ன மருந்துக்கு இவ்வளவு செலவு, அதில் சர்க்கார் பணம் இவ்வளவு, உன் பணம் இவ்வளவு என்று காட்டினால் நாமும் நியாயமான லாபம் கொடுக்கச் சம்மதிப்போம். மருந்து மருந்தாக அப்படிக் கணக்கு வெளியிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கிளிவெக் உண்டான ஆராய்ச்சியிலேயே அமெரிக்க சர்க்கார் பணமும் தர்ம நிதியும் சேர்ந்திருக்கின்றன. கணக்குக் காட்டாமல் காணிக்கை கேட்பவனுக்கு நம் அகராதியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கின்றது.

இந்நாட்டில் மலிவு மருந்து எப்படி வந்தது? கடவுள் கிருபையாலா? இல்லை. 1959-இல் ஜஸ்டிஸ் ராஜகோபால அய்யங்கார், இந்நாட்டுக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை வெளிநாட்டார் கையில் இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1970-இல் வந்த சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. சொன்னவர் அய்யங்கார் ஆயிற்றே என்று நம்மில் சிலர் சிரிக்கலாம். யார் சொன்னார் என்று பார்ப்பது புரோகிதப் புத்தி; என்ன சொன்னார் என்று பார்ப்பதே பகுத்தறிவு. அந்தச் சட்டம் இருந்ததனால்தான், 2001 பிப்ரவரியில் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீத், வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துக் கூட்டை 350 டாலருக்குக் கொடுக்கின்றேன் என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. அவரை நாம் மகாத்மா ஆக்க வேண்டியதில்லை. அவரும் வியாபாரிதான். வியாபாரியை நல்ல வழியில் நடத்தியது சட்டம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2005 முதல் பொருளுக்கே மறுபடியும் காப்புரிமை வந்துவிட்டது. 3(டி) போன்ற சில வேலிகள்தாம் மிச்சம்.

ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனிதான் கெட்டது, சுதேசி என்றால் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் செத்தன. அந்த மருந்து நம் பக்கத்துக் காஞ்சிபுரம் ஜில்லாவில் செய்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் 48.6 சதவீதம் இருந்தது. அந்தத் தொழிற்சாலையைச் சோதிக்கத் தவறியதாக ஆய்வாளர்கள் இருவர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். சோதனை நடந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகளின் பெற்றோரிடம் போய், விதி என்று சொல்ல எந்தச் சாஸ்திரிக்காவது வாய் வருமா?

காவி கட்டிய முதலாளியும் இருக்கின்றார். கொரோனாவுக்கு மருந்து என்று பதஞ்சலிக் கம்பெனி கொரோனில் என்பதை 2021 பிப்ரவரியில் மேடையேற்றியபோது, டாக்டருக்குப் படித்த மத்திய சுகாதார மந்திரியே பக்கத்தில் இருந்தார். கொரோனாவுக்கான எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் தாங்கள் அத்தாட்சி கொடுக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024-இல் தப்பான விளம்பரங்களுக்காக அக்கம்பெனிக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டார்கள். மந்திர மருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954 முதலே சட்டம் இருக்கின்றது. சட்டம் இருந்து என்ன, மந்திரியே தட்டேந்தினால்?

வேறு வழி உண்டா என்றால், இந்த ஊரிலேயே உண்டு. 1975-இல் இங்கே ஏற்பட்ட பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு வளர்த்து, அந்த முறையைக் கம்பெனிகளுக்கு உரிமமாகக் கொடுத்திருக்கின்றது. டெங்குக் கிருமி பெருகாதபடி செய்யும் கொசு வகைகளையும் வளர்த்திருப்பதாக 2022-இல் அறிவித்தது. இதெல்லாம் உங்கள் வரிப்பணத்தில் நடந்த உயிரியல் ஆராய்ச்சி. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு பொதுஜனங்களுக்கு நியாய விலையில் வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? டாக்டரிடம், மருந்தின் கம்பெனிப் பெயரோடு அதன் இரசாயனப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கடையில் ரசீது வாங்குங்கள். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து என்ன விலை என்று விசாரியுங்கள். இவை ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை.

எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காப்புரிமை கொடுக்கும் முன்பு, அது கூடாது என்று எவரும் ஆட்சேபிக்கலாம் என்று நம் சட்டம் சொல்லுகின்றது. காசநோயால் அவதிப்பட்டு, மருந்தின் கெடுதலால் காது கேட்காமற்போன நந்திதா வெங்கடேசன் என்ற பெண்ணும், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே என்ற பெண்ணும், ஜான்சன் கம்பெனி தன் காசநோய் மருந்தின் ஏகபோகத்தை 2027 வரை நீட்டக் கேட்ட மனுவை எதிர்த்து, 2023 மார்ச்சில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷமே, 2024 மார்ச்சில், இப்படி ஆட்சேபிக்கக் கட்டணம் என்றும், ஆட்சேபணையை ஏற்பதா வேண்டாமா என்று அதிகாரி முதலில் பார்க்க வேண்டும் என்றும் விதி மாற்றினார்கள். வாசற்கதவை மூடவில்லை, வாசற்படியை உயர்த்தியிருக்கின்றார்கள். இதைப் பற்றி உங்கள் பார்லிமெண்டு மெம்பரை எத்தனை பேர் கேட்டீர்கள்?

1936 ஜூலை 30-இல் இந்தப் புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யாரிடமும் கருணை கேட்கவில்லை, தங்களுக்குரியதைக் கேட்டார்கள். அதன் பலனாகத்தான் எட்டு மணி நேர வேலை வந்தது. மருந்தும் அப்படியே. கருணை என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கணக்கென்று கேட்டு வாங்குங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிடாமல், வீட்டுக்குப் போய் யோசித்து, விசாரித்து, சரியென்று பட்டால் மட்டும் நடவுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகின்றோம்.