மூன்றாவதாக வந்த வாத்தியார்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளை எல்லாரும் வாழ்த்திவிட்டார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளைகளுக்காக நான் இரண்டு வார்த்தை பேச வந்திருக்கிறேன். அதற்கு ஒரு வாத்தியாரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஜொஹான் செபஸ்தியான் பாக். மேல்நாட்டு இசையுலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஜெர்மானிய மேதை. 1685-ஆம் ஆண்டு ஐசனாக் என்னும் ஊரில் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அண்ணன்தான் எடுத்து வளர்த்தார்.

அண்ணனிடம் ஓர் இசைப் புத்தகம் இருந்தது. தம்பி கேட்டும் கொடுக்காமல் அலமாரியில் பூட்டி வைத்தார். பையன் விட்டானா? அலமாரியின் கம்பிக் கதவுக்குள் சின்னக் கையை விட்டு, புத்தகத்தைச் சுருட்டி வெளியே எடுத்தான். விளக்கு ஏது? நிலா வெளிச்சத்திலேயே ஆறு மாதம் உட்கார்ந்து நகல் எழுதினான். எழுதி முடித்ததும் அண்ணன் அதையும் பறித்துக்கொண்டார்!

15 வயதில் லூனபர்க் நகரத்துப் பள்ளிக்குப் போய், பாடகர் குழுவில் பாடி, அந்த உதவியிலே படித்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல. 20 வயதில், புக்ஸ்டஹூடே என்ற பெரியவரின் ஆர்கன் வாசிப்பைக் கேட்பதற்காக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நாலு வாரம் லீவு கேட்டவர் நாலு மாதம் கழித்துத் திரும்பினால் மேலிடம் சும்மா விடுமா? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1722-இல் லைப்சிக் நகரத் தோமையார் பள்ளிக்கு இசையாசிரியர் தேவைப்பட்டார். நகர மன்றம் முதலில் விரும்பியது டெலமன் என்பவரை. அவர் வரவில்லை. அடுத்து கிராப்னர் என்பவரை. அவரை அவருடைய எஜமானர் விடவில்லை. அப்புறம்தான் பாக். அந்த மூன்றாவது ஆள்தான் 27 ஆண்டுகள், சாகும்வரை, அங்கே பணிபுரிந்தார்.

1730-இல் அவர் மன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். அதில் தம் 54 மாணவர்களை மூன்றாகப் பிரித்தார். பாடத் தகுந்தவர் 17 பேர், இன்னும் தேறாதவர் 20 பேர், தகுதியற்றவர் 17 பேர்.

ஆசிரியரான எனக்கு அந்தக் கடைசி வரிசை மனசை உறுத்துகிறது. ஆனாலும் அவர் பிரித்தது பாட்டுக்காக மட்டுமே. பாட்டு வராத பையனை எதற்குமே ஆகாதவன் என்று சொல்லவில்லை. நடுவரிசை 20 பேரைக் கவனியுங்கள். ‘ஆகாது’ என்பது வேறு, ‘இன்னும் ஆகவில்லை’ என்பது வேறு. அந்த இடைவெளியில்தான் ஆசிரியனுக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் தெரியுமா? 1720-இல், ஒன்பது வயது மூத்த மகனுக்காக ஒரு பாடப் புத்தகம் தொடங்கினார். முதலில் சுரக்குறிகள், பிறகு எந்த விரலை எங்கே வைப்பது, அப்புறம் சின்னச் சின்ன உருப்படிகள் என்று படிப்படியாக ஏற்றினார். தமக்குப் பூட்டப்பட்ட அலமாரியை அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

1750-இல் கண்பார்வை கெட்டு, 65 வயதில் காலமானார். பிறகு பொதுமக்கள் அவரை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1829-இல் மெண்டல்சன் என்ற 20 வயது இளைஞர் பெர்லினில் அவருடைய பெரும் படைப்பொன்றை மீண்டும் அரங்கேற்றிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பெற்றோர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், “ஏண்டா, அவன் வாங்கினான், நீ ஏன் வாங்கல?” என்று கேட்காதீர்கள். “உனக்கு எது படிக்கப் பிடிக்குது?” என்று கேளுங்கள். இராத்திரி பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்தால், “போதும், படுடா” என்று விளக்கை அணைக்காதீர்கள். அவன் இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.